கிரானி ஸ்கொயர் பை: எது பிசகியது, எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்வது

கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக குரோஷே ஊசியால் பின்னும் சதுரக் கட்டம்) பின்னப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் போர்வைக்கான அளவில்தான் பழகுகிறார்கள். போர்வை படுத்துக் கிடக்கும். கட்டம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் மெத்தென்று இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பை தொங்க வேண்டும், கனம் தாங்க வேண்டும். போர்வைக்குச் சரியான அதே கட்டம் பையில் இழுபடும், ஓட்டை விடும், கைப்பிடியைத் தரைவரை இறக்கும். அதனால் பையில் தெரியும் பல கோளாறுகளுக்குக் காரணம் கடைசியில் தைத்த இடத்தில் இருக்காது, முதல் கட்டத்தில் இருக்கும். கீழே உள்ளவற்றில் உங்கள் பைக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் எதையாவது பிரிக்கத் தொடங்கும் முன் கொத்துகளை எண்ணிவிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் பிரிக்க வேண்டிய தேவை பாதி நேரம் இருக்காது.

எந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கொத்து என்பது ஒரே இடைவெளியில் போட்ட மூன்று டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிப் போடும் உயரமான ஸ்டிட்ச்). மூலை என்பது ஒரே இடைவெளியில் ஒரு கொத்து, இரண்டு செயின் (சங்கிலிக் கண்ணி), மறுபடி ஒரு கொத்து. பக்கவாட்டில் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஒரு செயின். முதல் சுற்றில் 4 கொத்து, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12, நான்காவதில் 16. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு கொத்து கூடும். பக்கத்துக்கு எத்தனை என்று பார்த்தால் இன்னும் எளிது: எத்தனையாவது சுற்றோ அத்தனை கொத்து. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும்.

ஓரம் அலையலையாக நிற்கிறது, தட்டையாகப் படுக்கவில்லை

கட்டத்தை மேசையில் வைத்து நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். நடு படிந்து ஓரம் மட்டும் மடிப்பு விழுந்து நின்றால், வெளிச்சுற்றில் தேவைக்கு மேல் நூல் போயிருக்கிறது என்று அர்த்தம். முதலில் பக்கத்துக்கு எத்தனை கொத்து என்று எண்ணுங்கள். கூடுதலாக ஒன்று இருந்தால், ஏதோ ஓர் இடைவெளியில் இரண்டு கொத்து விழுந்திருக்கும். அந்தச் சுற்றைப் பிரிப்பது தவிர வேறு வழியில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் அலை நின்றால் செயினைப் பாருங்கள். மூலையில் இரண்டுக்குப் பதில் மூன்று செயின் போட்டிருக்கலாம், அல்லது பக்கவாட்டுச் செயினை மிகத் தளர்வாக இழுத்திருக்கலாம். பைக்கு என் பரிந்துரை, பக்கவாட்டுச் செயினையே விட்டுவிடுவதுதான். கொத்துக்குப் பக்கத்தில் நேராக அடுத்த கொத்து. கட்டம் இறுகும், ஓட்டை சிறுக்கும், அலையும் அடங்கும். மூலையில் மட்டும் இரண்டு செயினைக் குறைக்காதீர்கள்.

நடு எழும்பி, கட்டம் கிண்ணம் போல் குழிகிறது

இது முன்னதற்கு நேர்மாறு. வெளிச்சுற்றுக்கு நூல் போதவில்லை, அது உள்சுற்றைப் பிடித்து இழுக்கிறது. காரணங்கள் பல. மூலைச் செயினை இறுக்கிப் போட்டிருக்கலாம். குரோஷே ஊசி (கொக்கி) நூலுக்குச் சிறியதாக இருக்கலாம். நிறம் மாற்றும்போது வெளிச்சுற்றுக்கு மெல்லிய நூல் சேர்ந்திருக்கலாம். ஒரே தடிமன் என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும் இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து விரலால் உருட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

டபுள் குரோஷேயின் உயரமும் இதில் சேர்த்தி. நூலைச் சுற்றி உள்ளே விட்டு வெளியே இழுக்கும் முதல் கண்ணியைக் குட்டையாக விட்டால் மொத்த ஸ்டிட்சும் குட்டையாகும். அந்தக் கண்ணியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு மீதியை முடியுங்கள். இந்த ஒரு பழக்கம் மாறினாலே பல பேருக்குக் கிண்ணம் தட்டையாகிவிடுகிறது.

லேசான குழிவு என்றால் நனைத்து, பலகையில் விரித்து ஊசி குத்திக் காய வைத்தால் போகும். கையால் இழுத்துப் பிடித்தாலும் தட்டையாக நிற்காத குழிவு அதில் போகாது. அரை மில்லிமீட்டர் பெரிய குரோஷே ஊசியில் மறுபடி பின்னுவதுதான் வழி.

கட்டம் சதுரமாகத்தான் இருக்கிறது, ஆனால் முறுக்கிக்கொண்டு சாய்கிறது

எண்ணிக்கை சரி, அளவு சரி, ஆனாலும் மூலைகள் நேர்க்கோட்டில் போகாமல் ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டே போகின்றன. பலர் இதைக் கைக்கோளாறு என்று நினைத்து நொந்துபோகிறார்கள். அப்படி இல்லை. ஒரு ஸ்டிட்சின் தலை அதன் காலுக்கு நேர் மேலே உட்காராது, சற்றே பக்கவாட்டில் தள்ளி உட்காரும். எல்லாச் சுற்றையும் ஒரே திசையில் பின்னினால் அந்தச் சிறு சாய்வு சுற்றுக்குச் சுற்று சேர்ந்து முறுக்காகிவிடுகிறது. சிறிய கட்டத்தில் தெரியாது. ஐந்தாறு சுற்று தாண்டினால் தெரியும்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேலையைத் திருப்பிப் போட்டுப் பின்னுங்கள். ஒரு சுற்றின் சாய்வை அடுத்தது ஈடுகட்டிவிடும். சுற்றை மூலையில் முடிப்பவர்களுக்கு இது வசதியும்கூட. கடைசி இரண்டு செயின் போட்டு ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரமே இல்லாத இணைப்புக் கண்ணி) மூடி, திருப்பினால் அந்த மூலை இடைவெளி ஊசிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரே ஒரு ஸ்லிப் ஸ்டிச் போட்டு உள்ளே போய்விடலாம். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிவதால் எது முன்பக்கம் என்ற கவலையும் வேண்டாம்.

நான்கு பக்கமும் ஒரே நீளமாக இல்லை

இது எண்ணிக்கைப் பிழை. நான்கு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கொத்தை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்று குறைந்தால் ஓர் இடைவெளியைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மூலை ஐந்தாகத் தெரிந்தால் நடுப்பக்கத்தில் தவறுதலாக மூலை போட்டிருக்கிறீர்கள். மூன்றே மூலை என்றால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்தச் சுற்றில் என்பதை வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டே வந்து கண்டுபிடியுங்கள், முழுக்கப் பிரிக்க வேண்டாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு மூலை மட்டும் ஒடுங்கித் தெரிந்தால், அது சுற்று தொடங்கும் மூலையாக இருக்கும். அங்கே முதல் டபுள் குரோஷேக்குப் பதிலாக மூன்று செயின் நிற்கிறது. செயின் மெலிந்தது, மற்ற இரண்டின் பருமன் அதற்கு வராது. அதோடு ஒவ்வொரு நிறத்தையும் அதே மூலையில் தொடங்கினால் முடிச்சும் நூல் முனையும் அங்கேயே குவியும். நிறம் மாற்றும்போது வேறு மூலையில் தொடங்குங்கள். ஊசியில் சுருக்குக் கண்ணி போட்டு, செயின் இல்லாமல் நேரடியாக டபுள் குரோஷேயாகவே தொடங்கப் பழகிவிட்டால் இன்னும் நல்லது.

கட்டங்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறுகின்றன

முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைசிக் கட்டம் பெரிதாக இருக்கும், கை போகப்போகத் தளர்ந்திருக்கும். அரை சென்டிமீட்டர் வரை வித்தியாசம் என்றால் நான் கவலைப்பட மாட்டேன், காய வைக்கும்போது சரிக்கட்டலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் கடைசிச் சுற்றை மட்டும் பிரித்து வேறு ஊசியில் போடுங்கள். சிறிய கட்டத்துக்கு ஒரு சுற்று சிங்கிள் குரோஷே (டபுள் குரோஷேயைவிடக் குட்டையான ஸ்டிட்ச்) கூட்டிப் பெரிதாக்குகிறவர்களும் உண்டு. பார்வைக்குக் குழப்பம் இல்லை என்றால் செய்யலாம், ஆனால் அப்புறம் இணைக்கும்போது அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எண்ணிக்கை மாறும் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாக் கட்டமும் ஒரே அளவு, ஆனால் பார்த்துப் பின்னிய குறிப்பில் சொன்ன அளவைவிட மொத்தமாகச் சிறியது என்றால் காரணம் வேறு. அந்தக் குறிப்பு பிரிட்டிஷ் முறையிலா அமெரிக்க முறையிலா என்று பாருங்கள். அமெரிக்கக் குறிப்பில் டபுள் குரோஷே என்பது பிரிட்டிஷ் குறிப்பில் ட்ரெபிள். பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷே என்றால் அது அமெரிக்கக் குறிப்பின் சிங்கிள் குரோஷே. நான் இங்கே அமெரிக்க முறையில்தான் சொல்கிறேன். குறிப்பில் சிங்கிள் குரோஷே என்ற பேச்சே எங்கும் இல்லை, ட்ரெபிள் மட்டும் நிறைய வருகிறது என்றால் அது பிரிட்டிஷ் குறிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிளாக்கிங் என்ற வேலையைப் பைக்குத் தவிர்க்காதீர்கள். பருத்தி நூலை நன்றாக நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, ஃபோம் பலகையில் நான்கு மூலையையும் பக்கங்களின் நடுவையும் துருப்பிடிக்காத ஊசியால் குத்தி, முழுக்கக் காயும்வரை விட்டுவிட வேண்டும். சாதாரணக் குண்டூசி ஈரத்தில் துருப்பிடித்து நூலில் கறை விடும். அக்ரிலிக் நூலுக்கு ஆவி பிடிக்கலாம், ஆனால் இஸ்திரிப் பெட்டி நூலைத் தொடவே கூடாது. சூடு கூடினால் அக்ரிலிக் தன் துள்ளலை இழந்து துவண்டுவிடும், திரும்ப வராது. ஏற்கெனவே தொய்யும் பையில் அது இரட்டிப்புத் தொல்லை.

நடுத்துளை பெரிதாகிக்கொண்டே போகிறது, நூல் முனைகள் எட்டிப் பார்க்கின்றன

மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) தொடங்கி, வாலை, அதாவது தொடக்கத்தில் தொங்கும் நூல் முனையை இழுத்து மூடி, கொஞ்சம் செருகி வெட்டிவிட்டால் பையின் கனத்துக்கு அது மெல்ல மெல்லத் திறக்கும். வாலை வளையத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று செருகி, ஒரு ஸ்டிட்சின் காலைத் தாண்டித் திரும்பி, எதிர்த்திசையில் இன்னொரு சுற்று செருகுங்கள். வாலை 15 சென்டிமீட்டராவது விட்டிருந்தால்தான் இது முடியும். வால் ஏற்கெனவே குட்டையாகிவிட்டது என்றால், அதே நிறத்தில் ஒரு புது நூலை எடுத்து வளையத்தைச் சுற்றி ஓட்டி இழுத்து முடிச்சிட்டு, இரு முனையையும் செருகுங்கள். நான்கு செயினை வளையமாக்கித் தொடங்கினால் திறக்கும் பயம் குறைவு. நடுவில் சிறு துளை எப்போதும் இருக்கும், லைனிங் (உள்துணி) போடப் போகிறீர்கள் என்றால் அதனால் ஒன்றும் இல்லை.

மற்ற முனைகளை ஒரே திசையில் செருகினால் வெளியே வந்துவிடும், பளபளப்பான மெர்சரைஸ்ட் பருத்தியில் இன்னும் சீக்கிரம். மூன்று திசை வேண்டும்: போக, திரும்ப, மறுபடி போக. தையல் ஊசியை நூலின் இழைகளுக்கு நடுவே குத்திச் செருகினால் பிடிப்பு கூடும். வால் நுனியை பிளாக்கிங் முடிந்த பிறகே வெட்டுங்கள். நனைந்து இழுபட்டுக் காயும்போது முனைகள் உள்வாங்கும்.

இணைத்த இடம் சுருங்குகிறது, அல்லது மேடாக நிற்கிறது

சுருக்கம் என்றால் இணைத்த நூல் இறுக்கம். தையலின் இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். கட்டங்கள் விரிய, தையல் மட்டும் விரியாமல் நின்றால், பையில் கனம் விழும் நாளில் அறுந்துபோவது அந்த நூல்தான். ஊசிநூலால் தைப்பவர்கள் ஒவ்வொரு குத்துக்கும் இழுக்காமல், நூல் படிந்தால் போதும் என்று விடுங்கள். குரோஷேயாலேயே இணைப்பவர்கள் கட்டத்துக்குப் பயன்படுத்திய ஊசியைவிட அரை மில்லி பெரியதை எடுங்கள். ஸ்லிப் ஸ்டிச்சில் இணைத்தால் இது கட்டாயம், அது இயல்பிலேயே நெகிழாது.

மேடு பற்றிப் பல கருத்து உண்டு. ஸ்டிட்சின் தலையில் உள்ள இரண்டு கண்ணிகளில் பின்கண்ணியை மட்டும் எடுத்துத் தைத்தால் தையல் தட்டையாக, அழகாக வரும், போர்வைக்கு அது நல்ல வழி. பைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்டிட்சின் பாதிக் கண்ணியில் முழுக் கனமும் தொங்கும், அந்தக் கண்ணி நாளடைவில் நீண்டு வரிசையாகப் பிளவு தெரியும். இரண்டு கண்ணியையும் எடுத்து, உட்பக்கமாக சிங்கிள் குரோஷேயால் இணைப்பது என் விருப்பம். உள்ளே மேடு இருக்கும், லைனிங் அதை மூடிவிடும். மேட்டை வெளியே வைத்து, வேறு நிறத்தில் கோடு போல் காட்டுவதும் நன்றாகத்தான் இருக்கும்.

இணைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு பக்கத்தில் ஸ்டிட்ச் மிஞ்சினால் நிறுத்திவிட்டு எண்ணுங்கள். நான்கு சுற்றுக் கட்டத்தில், பக்கவாட்டுச் செயின் போட்டிருந்தால், மூலைச் செயின் நீங்கலாகப் பக்கத்துக்கு 15 வரும்: 12 டபுள் குரோஷே, 3 செயின். செயின் விட்டிருந்தால் 12. ஒன்று மட்டும் கூடினால் பக்கத்தின் நடுவில் ஒரு தரம் இரண்டைச் சேர்த்துப் பிடித்துச் சமாளிக்கலாம். மூலையில் சமாளிக்காதீர்கள், அங்கே செய்தால் கண்ணுக்கு உடனே தெரியும். மூலைகளையும் நடுக்கொத்தையும் முன்கூட்டியே ஊசி குத்திவிட்டு இணைத்தால் இந்தச் சிக்கலே வராது.

மூலைகள் சந்திக்கும் இடத்தில் ஓட்டை

இரண்டு செயின் மூலைகள் பல, ஒரே புள்ளியில் கூடும் இடம் அது. கட்டம் கட்டமாக இணைத்து அங்கங்கே நூலை வெட்டினால் ஓட்டை உறுதி. முதலில் ஒரு திசையில் உள்ள தையல்களை எல்லாம் நீளமாக, வெட்டாமல் போட்டு முடியுங்கள். அப்புறம் குறுக்குத் திசை. குறுக்கே வரும்போது சந்திப்பில் ஒரு செயின்கூடப் போடாமல், நேராக அடுத்த மூலையின் செயினைக் கவ்வித் தாண்டுங்கள். ஏற்கெனவே ஓட்டை விழுந்துவிட்டதா? உட்பக்கமாக ஒரு நூலால் அங்கே கூடும் மூலைச் செயின்களை வரிசையாகக் கோத்து, சுருக்கி இழுத்து, முடிச்சிட்டுச் செருகுங்கள். வெளியே தெரியாது.

எல்லாம் இணைத்தாயிற்று, ஆனால் பையாக வரவில்லை

13 கட்டங்களை இணைத்துச் செய்யும் பையில் பலர் சிக்குவது இந்த இடத்தில். மேசையில் பரப்பிய படத்தைப் பார்த்தால் எப்படிப் பையாகும் என்று புரியாது. எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேரும் என்ற குழப்பத்தில் ஒன்று தவறினால், பை ஒரு பக்கம் திறந்தே நிற்கும்.

பையை முடிந்த நிலையில் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாக் கட்டமும் முனை மேலாக, வைர வடிவில் நிற்கின்றன. அடியில் 3 கட்டங்கள், ஒவ்வொன்றும் குறுக்காக மடிந்து பாதி முன்பக்கம், பாதி பின்பக்கம். அவற்றுக்கு மேல், இடைவெளிகளில் உட்காரும் இரண்டாம் வரிசையில் 6: முன்னால் 2, பின்னால் 2, இரு பக்கவாட்டிலும் மடிந்து நிற்பவை ஒவ்வொன்று. அதற்கும் மேலே 4, கைப்பிடி வரும் முனைகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. 3, 6, 4 சேர்ந்து 13.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. 13 கட்டத்துக்கு மொத்தம் 52 ஓரம். பை முடிந்ததும் வாய்ப்பகுதியில் 12 ஓரம் மட்டுமே திறந்திருக்க வேண்டும். மீதி 40 ஓரம் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 தையல். திறந்த ஓரம் 14 என்றால் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது. 12தான், ஆனாலும் வடிவம் கோணல் என்றால் ஒரு ஜோடி மாறிச் சேர்ந்திருக்கிறது. அடியில் உள்ள மூன்று கட்டங்களுக்கும் நான்கு ஓரமும் தைக்கப்பட்டிருக்க வேண்டும், பிழையை அங்கிருந்து தேடுங்கள். நூலால் தொடங்கும் முன் 13 காகிதச் சதுரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு காகிதப் பை செய்து பார்த்துவிடுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இணைப்பது வெறும் கைவேலையாகிவிடும்.

அளவு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது என்பதும் இந்தப் பையில் அடிக்கடி நடக்கும். இங்கே அளவைத் தீர்மானிப்பது கட்டத்தின் பக்கம் அல்ல, மூலைவிட்டம். பக்கம் 15 சென்டிமீட்டர் என்றால் மூலைவிட்டம் சுமார் 21. பையின் அகலம் மூன்று மூலைவிட்டம், அதாவது 63 சென்டிமீட்டர். கைப்பிடி முனை வரை உயரம் ஒன்றரை மூலைவிட்டம், ஏறக்குறைய 32. பக்கத்தை 12 ஆக்கினால் அகலம் 51க்கு இறங்கும்.

வாய் பிளந்து சாமான் நடுவில் வெளியே வருகிறது

அதே 13 கட்டக் கணக்கைப் பாருங்கள். நடுவில் உள்ள பள்ளம் அரை மூலைவிட்ட உயரம் வரை இறங்குகிறது, 15 சென்டிமீட்டர் கட்டத்தில் அடியிலிருந்து பத்தரை சென்டிமீட்டர்தான். குறை உங்கள் வேலையில் இல்லை, வடிவமே அப்படி. முன்னும் பின்னும் அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு கட்டம் சேர்த்து 15 ஆக்கினால் பை ஆழமாகிவிடும். ஜிப் அல்லது காந்தப் பொத்தான் வைப்பவர்களுக்கும் 15 கட்டம்தான் தோது.

வாயின் ஓரம் துவண்டு வெளியே விரிந்தால், சுற்றிப் போட்ட சிங்கிள் குரோஷே கூடிவிட்டது. உள்நோக்கிய பள்ளத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஸ்டிட்சைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். வெளிநோக்கிய முனையில் ஒரே இடத்தில் மூன்று போட வேண்டும். பள்ளத்தில் குறைக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. அதோடு ஓரத்துக்கு அரை மில்லி சிறிய ஊசி எடுத்தால் வாய் கச்சிதமாக நிற்கும்.

கைப்பிடி நீண்டுகொண்டே போகிறது

புதிதாக இருக்கும்போது இடுப்பில் நின்ற பை, கொஞ்ச நாளில் முழங்காலைத் தொடும். குறுக்கே குட்டை வரிசைகளாகப் பின்னிய கைப்பிடி அதிகம் நீளும், ஏனென்றால் கனம் ஒவ்வொரு வரிசையையும் அடுத்ததிலிருந்து இழுக்கிறது. நீளவாக்கில், கைப்பிடியின் முழு நீளத்துக்குச் செயின் போட்டு அதன் மேல் சிங்கிள் குரோஷே ஓட்டினால் நீட்சி குறையும். இரு விளிம்பிலும் ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிச் ஓட்டினால் இன்னும் குறையும், பழைய கைப்பிடிக்குப் பிரிக்காமலே செய்யக்கூடிய மருந்து இது. கனமான சாமான் சுமக்கும் பை என்றால் உள்ளே ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைத்துவிடுங்கள். நாடா கைப்பிடியைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருக்கட்டும், அப்போதுதான் கனம் நாடாவில் விழும்.

கைப்பிடி சேரும் முனை கிழிவது தனிக் கதை. வைர வடிவில் நிற்கும் கட்டத்தின் முனையில் இருப்பது வெறும் இரண்டு செயின். முழுப் பையும் அதில் தொங்கினால் அது தாங்காது. முனையின் இரு பக்கமும் இறங்கி, ஏழெட்டு ஸ்டிட்ச் அளவுக்குப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தொடங்குங்கள், மேலே போகப்போகக் குறைத்து வேண்டிய அகலத்துக்குக் கொண்டுவரலாம். ஏற்கெனவே நீண்டுவிட்ட முனைக்கு உட்பக்கமாக ஒரு சிறு துணித்துண்டை வைத்துச் சுற்றித் தைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

பை தொய்ந்து தொங்குகிறது, பேனா வெளியே வருகிறது

மூலைக்கு மூலை குறுக்காக இழுத்தால் கட்டம் எளிதில் நீளும், நேராக இழுத்தால் அவ்வளவு இல்லை. வைர வடிவப் பைகள் அதிகம் தொய்வதற்குக் காரணம் இதுதான். கட்டங்களை நேராக அடுக்கி முன்னும் பின்னும் ஒன்பது ஒன்பதாக வைத்துத் தைத்தால் பை குறைவாகத் தொய்யும், அழகு மட்டும் வேறு மாதிரி. நூலையும் யோசிக்க வேண்டும். கனமான பருத்தி நூல் தன் எடையாலேயே இறங்கும், அக்ரிலிக் சாமானின் எடையால் இறங்கும். நடுத்தரத் தடிமனில் பருத்தியை எடுத்து, சீட்டில் சொன்னதைவிட அரை மில்லி சிறிய ஊசியில் பின்னுவது என் வழி.

ஆனால் பின்னல் எப்படி இருந்தாலும் சாமான் சுமக்கும் பைக்கு லைனிங் வேண்டும். லைனிங் போட்டும் தொய்கிறது என்றால் லைனிங் பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது. பின்னல் பையைவிட லைனிங் சுற்றளவிலும் ஆழத்திலும் சற்றே சிறியதாக இருக்க வேண்டும். எடை துணியில் விழுந்து, பின்னல் சும்மா மேலே போர்த்திய நிலையில் இருக்கும். பருத்தித் துணியை வெட்டும் முன் துவைத்துவிடுங்கள், முதல் துவைப்பில் சுருங்கும் துணி பையையும் சேர்த்து இழுத்துச் சுருக்கிவிடும். 13 கட்டப் பையின் மேடு பள்ளத்துக்கு அளவெடுத்து மல்லாடாதீர்கள். பையைக் காகிதத்தில் படுக்க வைத்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டைச் சற்றே உள்ளே தள்ளி, தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டி, இரண்டு துண்டு வெட்டினால் போதும். கையால் தைக்கும்போது ஓரத்தின் சிங்கிள் குரோஷேயைப் பிடித்துத் தையுங்கள். கட்டத்தின் நடுவில் எங்கும் குத்த வேண்டாம், கட்டம் நகர இடமில்லாமல் சுருக்கம் விழும்.

துவைத்தால் சாயம் ஓடுகிறது

அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றிலும் கவனம் வேண்டும். பின்னும் முன் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அந்த நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பை முடிந்த பிறகுதான் தெரிந்தது என்றால் எப்போதும் குளிர்ந்த நீரில், ஊற வைக்காமல், சீக்கிரம் அலசி எடுங்கள். தொங்கவிட்டுக் காய வைக்காதீர்கள், நீர் சேர்ந்த கனத்தில் பை நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து படுக்க வைத்துக் காய வையுங்கள்.

பாதியில் நூல் தீர்ந்துவிட்டது

முதல் கட்டத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 14 கிராம் என்றால் 13 கட்டத்துக்கு 182 கிராம். இணைப்பு, ஓரம், கைப்பிடிக்குத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கும்போது சீட்டில் உள்ள சாய எண் மாறினால் நிறம் லேசாக வேறுபடும். அந்த நூலைக் கட்டத்துக்குள் கலக்காமல் கைப்பிடிக்கோ ஓரத்துக்கோ முழுமையாகப் பயன்படுத்துங்கள்.

பழைய பையில் ஒரே ஒரு கட்டம் கிழிந்துவிட்டது

கிரானி ஸ்கொயர் பையில் எனக்குப் பிடித்த விஷயம் இது, முழுப் பையையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதலில் லைனிங்கை அந்த இடத்தில் மட்டும் பிரித்து விலக்குங்கள். கிழிந்த கட்டத்தைச் சுற்றியுள்ள தையலைச் சிறு கத்தரியால் வெட்டி எடுங்கள். கத்தரி பக்கத்துக் கட்டத்தின் கண்ணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டால் ஒன்றுக்கு இரண்டு கட்டம் பின்ன வேண்டிவரும். வெட்டிய இடத்தில் பக்கத்துத் தையல் நூல் இரண்டு பக்கமும் தொங்கும். அதை ஊசியில் கோத்து உடனே செருகிவிடுங்கள், இல்லையென்றால் அங்கிருந்து மெல்ல அவிழும்.

புதுக் கட்டத்தைப் பிளாக்கிங் செய்து, பழைய ஓட்டையின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புழங்கிய பையில் அந்த இடம் நீண்டிருக்கும், புதுக் கட்டம் சிறிதாகத் தெரியும். பெரிதாகப் பின்னப் போகாதீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் தைத்துவிடுங்கள், பயன்படுத்தப் பயன்படுத்த அதுவும் நீண்டு பக்கத்துக் கட்டங்களோடு சேர்ந்துவிடும். நிறம் மட்டும் அவ்வளவு எளிதில் சேராது. மங்கிய பைக்கு நடுவே பளிச்சென்று ஒரு கட்டம் துருத்தினால், எதிர்ப்புறத்தில் இன்னொன்றையும் அதே நிறத்தில் மாற்றிவிடுங்கள், வேண்டுமென்றே வைத்தது போல் ஆகிவிடும்.